செமஸ்டர் முடிந்து ஊர் திரும்பும் வேளை: வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்பும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதிய கடிதங்கள் இந்த மாதம் நிறைய வந்திருந்தன. ஜெர்மனியில் குளிர்காலச் செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் பிப்ரவரி முற்பகுதியில் முடிந்து, தேர்வுகள் தொடங்கிவிடும். ஆகவே இந்தக் கடிதங்கள் இப்போது வருவது இயல்பே. நான் ஒரு பொறியியல் கல்லூரியின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். புறப்படும் மாணவர்களுக்கு விசா, காப்பீடு, குளிர் உடை என்று மூன்று கூட்டங்கள் நடத்துவோம். திரும்பி வருபவர்களுக்கு ஒரு கூட்டம்கூட நடத்தியதில்லை. அந்தக் குறை இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் கோவையிலிருந்து டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு செமஸ்டர் படித்திருக்கிறேன். கடைசித் தேர்வு பிப்ரவரி 24, விமானம் 27. நடுவில் இருக்கும் நாள்களில் எல்லா வேலைகளையும் முடித்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையில் என்னென்ன முடிக்க வேண்டும்?
– கோவை மாணவர், தற்போது டிரெஸ்டன்

பதில்: நடுவில் இருப்பவை இரண்டே நாள்கள், அவை போதா. ஒவ்வொரு வேலையும் சிறியதுதான். ஆனால் ஒன்றின் தாள் கையில் இருந்தால்தான் அடுத்தது நகரும். அங்குள்ள அலுவலகங்கள் பலவற்றில் முன்கூட்டியே நேரம் வாங்கினால்தான் உள்ளே போக முடியும். விசாவில் நாள் மிச்சமிருந்து, பயணச்சீட்டை மாற்ற அதிகச் செலவு ஆகாது என்றால், மார்ச் முதல் வாரத்துக்குத் தள்ளி வைக்கப் பாருங்கள். விசா முடியும் தேதியைத் தாண்டி ஒரு நாள்கூடத் தங்கிவிடாதீர்கள். பின்னாளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு நாள் உங்களுக்கு எதிராக நிற்கும்.

முதலில் அறையைக் கவனியுங்கள். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, காலி செய்வதை எத்தனை நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று படித்துப் பாருங்கள். சாவியை ஒப்படைக்கும் நாளில் விடுதிப் பொறுப்பாளர் வந்து சுவர், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, மெத்தை எல்லாவற்றையும் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்வார். அவர் வருவதற்கு முன்பே பெட்டிகளைக் கட்டி முடித்து, அறையைத் துடைத்து, ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைப்புத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் அட்வான்ஸ் என்று சொல்லும் தொகையை அங்கே கௌட்சியோன் என்பார்கள். வாடகை வீடானால் தண்ணீர், வெப்பக் கட்டணங்கள் நீங்கலான வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் அதைக் கேட்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்தப் பணம் சாவி கொடுத்த அன்றே கைக்கு வராது. கணக்குப் பார்த்து வங்கி வழியாக அனுப்பப் பல வாரங்கள் ஆகும். நான் வழிகாட்டிய ஒரு மாணவர் புறப்படும் நாள் காலையில் வங்கிக் கணக்கை மூடிவிட்டு, மாலையில் விமானம் ஏறிவிட்டார். மூடிய கணக்குக்குப் போன அட்வான்ஸ் திரும்பிப் போய், அதை மீண்டும் வரவழைக்க அவர் ஆறு மாதம் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆகவே வங்கிக் கணக்கை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. கணக்கை ஊரிலிருந்தபடியே மூட முடியுமா, அதற்கு என்ன கேட்பார்கள் என்பதை மட்டும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க விடும் ‘முடக்கப்பட்ட கணக்கில்’ பணம் வைத்து விசா பெற்றவர்கள், மீதித் தொகையை விடுவிக்க அந்த வங்கி கேட்கும் சான்றுகள் எவை என்பதையும் நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது முகவரிப் பதிவை நீக்குவது. நீங்கள் போய் இறங்கியதும் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தீர்கள் அல்லவா, அதைப் போலவே நாட்டை விட்டுப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதற்கு அப்மெல்டுங் என்று பெயர். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, காலி செய்த பின் இரண்டு வாரம் வரை இதைச் செய்யலாம்; அதற்கு முன்பு போனால் ஏற்க மாட்டார்கள். அங்கே கிடைக்கும் ஒற்றைத் தாள்தான் மற்ற எல்லாப் பூட்டுகளுக்கும் சாவி. மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், கைப்பேசி நிறுவனம், ஒலிபரப்புக் கட்டண அலுவலகம் ஆகிய எல்லோருக்கும் அதன் நகலை அனுப்பினால்தான் உங்கள் பெயரில் கட்டணம் ஏறுவது நிற்கும். ஒலிபரப்புக் கட்டணத்தை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் அது ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ. வானொலியோ தொலைக்காட்சியோ உங்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. வீடு இருந்தாலே கட்ட வேண்டும். நீங்கள் சொல்லாமல் கிளம்பிவிட்டால், அந்த முகவரிக்கு நினைவூட்டல் கடிதங்கள் போய்க்கொண்டே இருக்கும், தொகையும் கூடிக்கொண்டே போகும்.

கடிதம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியில் தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை. தபால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்கிறார். உங்கள் பெயரைக் கிழித்த அன்றே உங்கள் கடிதங்கள் திரும்பிப் போகத் தொடங்கும். வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் முக்கியமான செய்திகளை இன்னமும் தாளில் அனுப்புகிற நாடு அது. ஆகவே அங்கேயே இருக்கப்போகும் நம்பகமான ஒரு நண்பரின் முகவரியைக் கொடுங்கள். உங்கள் சார்பில் கடிதங்களை வாங்கவும் அலுவலகங்களில் பேசவும் அவருக்கு உரிமை அளிக்கும் ஒரு கடிதத்தைக் கையெழுத்திட்டு வைத்துவிட்டு வாருங்கள்.

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிப்ரவரியில் எழுதிய தேர்வின் முடிவுகள் நீங்கள் அங்கே இருக்கும்போது வந்துவிடும் என்று நம்பாதீர்கள். பல பாடங்களுக்கு மார்ச் இறுதியோ ஏப்ரலோ ஆகும். மாணவர் பதிவு முடிந்த சில காலத்தில் உங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சலும் இணையக் கணக்கும் மூடப்படலாம். அதனால் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து, இறுதி மதிப்பெண் பட்டியலை யார், எப்போது, எங்கே அனுப்புவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். படித்த ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டக் குறிப்பையும் இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘இந்தப் பாடமும் எங்கள் பாடமும் ஒன்றுதானா’ என்று இங்கே உங்கள் துறையில் கேட்கப் போவது அதைத்தான்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வந்த என் மகனின் மதிப்பெண் பட்டியலில் 1.7, 2.3, 1.3 என்று இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் அதைப் பார்த்தவர் பத்துக்கு இரண்டுகூட இல்லையே என்று கேட்டுவிட்டார். மேலும், அவன் சென்ற ஆண்டு மார்ச் மாதம்தான் திரும்பியதால் அப்போது இங்கே நடந்த செமஸ்டரில் வருகைப் பதிவு போதாது என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: உங்கள் மகன் நன்றாகவே படித்திருக்கிறார், முதலில் அவரிடம் அதைச் சொல்லுங்கள். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம். 4.0 வரை தேர்ச்சி; 5.0 என்றால் தோல்வி. எண் குறையக் குறையத் தரம் உயர்கிறது. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டு மதிப்பெண்களைத் தங்கள் அளவுக்கு மாற்றப் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு. திருத்திய பவேரியச் சூத்திரம் என்று அதைச் சொல்வார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்குமான இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவதே அது. அதைத் திருப்பிப் போட்டால் நம் அளவு கிடைக்கும். பத்து உச்சமாகவும் ஐந்து தேர்ச்சியாகவும் உள்ள கல்லூரி என்று வைத்துக்கொண்டால், 1.7 என்பது ஏறத்தாழ 8.8, 2.3 என்பது 7.8, 1.3 என்பது 9.5. இதை இறுதியாக முடிவு செய்யும் உரிமை உங்கள் கல்லூரிக்கே உண்டு. ஆனால் மதிப்பெண் முறையை விளக்கும் பகுதி பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே அச்சாகியிருக்கும். அதோடு இந்தக் கணக்கையும் சேர்த்து, அலுவலகத்தில் வாய்மொழியாக வாதாடாமல், துறைத் தலைவருக்குக் கடிதமாகக் கொடுங்கள்.

கிரெடிட்டுகளின் எண்ணிக்கையிலும் குழப்பம் வரும். ஐரோப்பிய முறையில் ஒரு முழுச் செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது அனைத்தும் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் ஊரிலோ வாரத்துக்கு எத்தனை வகுப்பு நேரம் என்பதை வைத்தே பெரும்பாலும் கிரெடிட்டைக் கணக்கிடுகிறோம். ஆகவே எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது சரியாகாது. மகன் புறப்படும் முன் அவரும் இரு கல்வி நிறுவனங்களும் கையெழுத்திட்ட படிப்பு ஒப்பந்தம் ஒன்று இருந்திருக்கும். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று அதில் இருக்கும். அங்கே போன பிறகு பாடத்தை மாற்றியிருந்தால் அந்த மாற்றத்துக்கும் ஒப்புதல் இருந்ததா என்று பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் எழுகிறது.

வருகைப் பதிவுச் சிக்கலில் உங்கள் மகன்மீது எந்தத் தவறும் இல்லை. நம் இரட்டைப்படைச் செமஸ்டர் டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ தொடங்கிவிடுகிறது. ஜெர்மானியச் செமஸ்டரோ தேர்வோடு சேர்த்து மார்ச் வரை போகிறது. இரண்டு மாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டு, அதே மாணவரை அங்கே அனுப்பிய கல்லூரி, இதற்கு வழியை முன்பே யோசித்திருக்க வேண்டும். அவர் அங்கே கல்லூரியின் அனுமதியோடு படித்த நாள்களைப் பணி நிமித்தம் வெளியில் இருந்த நாள்களாகக் கருதும்படி, அந்தப் பல்கலைக்கழகம் தரும் தங்கியிருந்த காலச் சான்றை இணைத்து, முதல்வருக்கு எழுதுங்கள். இந்த ஆண்டு புறப்பட இருக்கும் மாணவர்கள் இந்த அனுமதியை விமானம் ஏறும் முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

கேள்வி: என் மகள் ஸ்வீடனில் உப்சாலாவில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு ஜனவரி நடுவில், பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். வீடு நிறைய உறவினர்கள் இருந்தார்கள். இரண்டு நாள் சிரித்துப் பேசினாள். அதன் பிறகு அறைக்குள்ளேயே இருக்கிறாள். ‘எங்கே போகிறாய்’ என்று கேட்டால் முகம் மாறுகிறது. எதைப் பார்த்தாலும் ‘அங்கே இப்படி இல்லை’ என்கிறாள். ஐந்து மாதத்தில் பிள்ளை இப்படி மாறுவாளா? நாங்கள் அனுப்பியதே தவறோ என்று அவள் அப்பா வருந்துகிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, அனுப்பியதில் எந்தத் தவறும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய மாணவிகள் பலரின் முகங்கள் கண்முன் வந்தன. வேற்றூரில் வாழப் பழகுவது எப்படி நடக்கிறது என்பதை 1955-இல் நார்வே நாட்டின் ஸ்வேரே லீஸ்கோர் என்னும் சமூகவியலாளர், ஃபுல்பிரைட் என்னும் அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய தம் நாட்டவரிடம் கேட்டு ஆராய்ந்தார். முதலில் மகிழ்ச்சி, பிறகு சரிவு, அதன் பின் மெல்லத் தேறுதல் என்று ஒரு குழிவான வளைவாக அவருக்கு அது தோன்றியது. 1963-இல் கல்லஹோர்ன் என்ற அமெரிக்கத் தம்பதியர் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: ஊர் திரும்பிய பிறகும் அதே சரிவு மீண்டும் ஒருமுறை வருகிறது என்பதே அது. இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் இரண்டாவது சரிவு என்ற ஒன்று உண்டு என்பதைப் பெற்றோர் தெரிந்திருப்பது நல்லது. புறப்படும்போது வரும் தடுமாற்றத்தை எல்லோரும் எதிர்பார்க்கிறோம். சொந்த வீட்டுக்குள் வரும் தடுமாற்றத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் அது வரும்போது பிள்ளை திமிராக நடக்கிறாள் என்றோ, நாம் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றோ நினைத்துவிடுகிறோம்.

உங்கள் மகள் இருந்த ஊரைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். டிசம்பரில் உப்சாலாவில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டில், பனியில், சைக்கிளை மிதித்து வகுப்புக்குப் போய், நூலகத்தில் இருந்துவிட்டு, கடையில் தனக்கு வேண்டியதைத் தானே கணக்குப் பார்த்து வாங்கி, அறைக்குத் திரும்பிச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் தனியாகச் சைக்கிளில் போவதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐந்து மாதம் ஒவ்வொரு முடிவையும் அவளே எடுத்தாள். தவறு செய்தால் அவளே திருத்திக்கொண்டாள். அப்படி இருந்தவள் ஒரே விமானப் பயணத்தில் ‘எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய்’ என்ற மூன்று கேள்விகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறாள். நீங்கள் அக்கறையில் கேட்கிறீர்கள். அவளுக்கோ, அரும்பாடுபட்டுக் கற்ற ஒன்றை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்வது போல் கேட்கிறது. இதை மென்று விழுங்காமல் உங்களிடம் சொல்கிறேன்: அவளுடைய மனக்குறையில் நியாயம் இருக்கிறது. திருநெல்வேலித் தெருவை நீங்கள் உப்சாலாவாக மாற்ற முடியாது. ஆனால் வீட்டுக்குள் சிலவற்றை மாற்றலாம். வங்கி வேலை ஒன்றை, ஒரு பயண ஏற்பாட்டை, வாரத்தில் ஒரு நாள் சமையலை முழுவதுமாக அவள் பொறுப்பில் விடுங்கள். இடையில் போய்த் திருத்தாதீர்கள். ‘எங்கே போகிறாய்’ என்பதற்குப் பதிலாக, ‘வர நேரமானால் ஒரு சேதி அனுப்பிவிடு’ என்று சொல்லிப் பாருங்கள்.

‘அங்கே இப்படி இல்லை’ என்ற பேச்சைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. இளம்வயதில் நானும் ஜெர்மனியில் சில மாதம் படித்துவிட்டு வந்தேன். வந்த முதல் மாதத்தில் ரயில், குப்பை, வரிசை என்று எதைப் பார்த்தாலும் அந்த வாக்கியத்தைத்தான் சொன்னேன். ஒரு நாள் என் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, ‘சரி, அங்கே காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வாய், அதைச் சொல்’ என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். ஜன்னல் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும் என்பதிலிருந்து தொடங்கி ஒரு மணி நேரம் பேசினேன். அதுவரை என்னிடம் எல்லோரும் ‘எப்படி இருந்தது’ என்று கேட்டார்கள். ‘நன்றாக இருந்தது’ என்பதைத் தவிர அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சொல்ல முடியாமல் தேங்கி நின்ற கதைகள்தான் குறையாக வெளிவந்தன என்று எனக்கு அப்போது புரிந்தது. ஆகவே உங்கள் மகளிடமும் சிறிய கேள்விகளைக் கேளுங்கள். ஸ்வீடனில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து காபி குடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு ஃபிகா என்று பெயர். அவள் யாரோடு ஃபிகாவுக்குப் போவாள், அங்கே என்ன பேசுவார்கள் என்று கேளுங்கள். ஏலக்காய் போட்ட ரொட்டி ஒன்று அங்கே பிரசித்தம். அதை வீட்டில் செய்து தரச் சொல்லுங்கள். ஏலக்காய் நம் மலைகளில் விளைவது என்பதால் அந்தப் பேச்சு எங்கெங்கோ போகும்.

அங்கே கிடைத்த நண்பர்களை அவள் ஒரே நாளில் இழந்திருக்கிறாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இங்குள்ள தோழிகள் அவள் இல்லாத ஐந்து மாதத்தில் தங்களுக்குள் வேறு பேச்சுகள், வேறு குழுக்கள் என்று நகர்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கை விட்டது போன்ற தனிமை அது. அதே பல்கலைக்கழகத்துக்கோ வேறு ஐரோப்பிய ஊருக்கோ போய்த் திரும்பிய மாணவர் ஒருவரோடாவது அவளைப் பேச வையுங்கள். கல்லூரியின் அயல்நாட்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இது பொதுவாகச் சில வாரங்களில் தணிந்து வரும். ஆனால் உறக்கமும் உணவும் தொடர்ந்து குறைந்தாலோ, முன்பு விரும்பிச் செய்த எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற பேச்சு எழுந்தாலோ, ஊர் திரும்பிய வருத்தம்தான் என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: தேர்வு முடிந்து பத்து நாள் டிரெஸ்டனில் இருப்பேன். நண்பர்கள் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராகா என்று பத்து நாளில் ஆறு நகரங்கள் போகத் திட்டமிடுகிறார்கள். நானும் போகட்டுமா?
– மாணவி, சென்னையைச் சேர்ந்தவர்

பதில்: பிராகாவுக்குப் போய்வாருங்கள், ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். மற்ற நாள்களை நீங்கள் வாழ்ந்த ஊருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் கொடுங்கள். பாரிஸுக்கு வாழ்க்கையில் இன்னொரு நாள் போகலாம். டிரெஸ்டனில் எட்டாம் எண் டிராமில் தினமும் ஏறிய நிறுத்தத்துக்கு, அங்கே வாழ்பவராக நீங்கள் இனிப் போக மாட்டீர்கள்.

அங்கே ஐந்து மாதம் இருந்தும் பலர் பார்க்காமலே திரும்புகிற ஒன்று பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. நீங்கள் பரீட்சைக்குப் படித்த அதே சாக்சனி மாநில நூலகத்தின் காட்சிக்கூடத்தில், மத்திய அமெரிக்காவின் பழங்குடியான மாயா மக்களின் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. டிரெஸ்டன் சுவடி என்றே உலகம் அதை அழைக்கிறது. மாயா சுவடிகளில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெள்ளிக் கோளின் நகர்வைக் கணக்கிட்டு எழுதிய அட்டவணைகள் அதில் உள்ளன.

இன்னொரு நாளை புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூருக்கு ஒதுக்குங்கள். டிரெஸ்டனிலிருந்து காமென்ஸ் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். மசாலாப் பொருள்கள் சேர்த்த தேன் ரொட்டிக்கு 1558-இலிருந்து பெயர்பெற்ற ஊர் அது. ஆனால் உங்களை அங்கே போகச் சொல்வதற்குக் காரணம் வேறு. 1682-இல் அந்த ஊரில் பிறந்தவர்தான் சீகன்பால்க். 1706-இல் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கி, மணலில் விரலால் எழுதும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்று, தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்து, அச்சுக்கூடம் அமைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். அவரும் 1714-இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு 1716-இல் தரங்கம்பாடிக்குத் திரும்பினார். அந்தப் பயணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் அவரோடு போய்வந்தார். அயல்நாட்டில் சில காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய தமிழர் வரிசையில், உங்களுக்கு முந்நூறு ஆண்டு முன்னால் நிற்பவர் அவர். தாய்வீட்டை மறுபடி பார்த்தபோது அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நாள் மிச்சமிருந்தால் லைப்சிக் வழியாக ஹாலேக்கும் போகலாம். அங்குள்ள ஃபிராங்கே அறநிலையத்தின் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716-இல் அச்சானதும் அந்த ஊரில்தான். பார்வையிட முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: எனக்குப் பாடம் நடத்திய ஜெர்மானியப் பேராசிரியருக்கு விடைபெறும்போது ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுக்க அப்பா அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா?
– மாணவர், சேலம்

பதில்: வேண்டாம். ஜெர்மானிய அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள். விலையுள்ள பொருளை அவர்கள் வாங்கக்கூடாது. கொடுத்தால் அவர் மறுக்க வேண்டிவரும், இருவருக்கும் சங்கடம். அவருடைய வகுப்பில் நீங்கள் கற்ற ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு, கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்றால் அதை அந்த நேரத்திலேயே நேரில் கேளுங்கள். ஓராண்டு கழித்து மின்னஞ்சலில் கேட்பதைவிட, உங்கள் முகம் நினைவில் இருக்கும்போது கேட்பது நல்லது. விளக்கை அப்பாவிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் திரியை அம்மா ஏற்றட்டும்.

கேள்வி: வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முதுகலைக்கு மறுபடி ஜெர்மனி போக வேண்டும் என்ற எண்ணத்தைத் தவிர வேறு எதுவும் மனத்தில் இல்லை. அதற்குள் ஜெர்மன் மொழியும் மறந்து வருகிறது.
– மாணவி, மதுரை

பதில்: மொழியை முதலில் காப்பாற்றுங்கள், அதுதான் விரைவில் நழுவுவது. மதுரையிலிருந்தபடியே இணைய வகுப்பில் சேரலாம். சென்னையில் நாம் மாக்ஸ் முல்லர் பவன் என்று அழைக்கும் கோத்தே நிலையத்தில் தேர்வெழுதி, இப்போதைய உங்கள் நிலைக்கு ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள். வாரம் ஒரு முறை உங்கள் அறைத் தோழியோடு ஜெர்மனில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டால் அது பாடப் புத்தகத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்கள் முழுப் படிப்புக்கான விசா கேட்கும்போது ஏ.பி.எஸ். என்னும் கல்விச் சான்று சரிபார்ப்பு தேவைப்படுகிறது. அது கிடைக்க நாளாகும். குளிர்காலச் செமஸ்டரில் சேரப் பல பல்கலைக்கழகங்களில் கடைசி நாள் ஜூலை 15. சிலவற்றில் அதற்கும் முன்பே முடிந்துவிடும். இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தப் படிப்புக்குப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதிலே இல்லை. ஊர் மட்டும்தான் இருக்கிறது. ஏக்கம் கொஞ்சம் தணியட்டும். இளங்கலையின் இறுதித் திட்டப்பணியை அங்கே நீங்கள் படித்த பாடம் ஒன்றோடு இணைத்துச் செய்யப் பாருங்கள். அது உங்களை இழுக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். விண்ணப்பத்திலும் எழுத ஒன்று இருக்கும்.

கேள்வி: விமானத்தில் 23 கிலோதான் அனுமதி. போகும்போது கொண்டுபோன குக்கர், இட்லித் தட்டு, அங்கே வாங்கிய குளிர் அங்கி, போர்வை, புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து நாற்பதைத் தாண்டுகிறது. எதை விட்டு வருவது?
– மாணவர், ஈரோடு

பதில்: புத்தகங்களில் கைக்குறிப்பு எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்த மாணவருக்குக் கொடுங்கள். மூலச் சான்றிதழ்கள், மதிப்பெண் தாள், பதிவு நீக்கத் தாள், மடிக்கணினி, பவர் பேங்க் ஆகியவை கைப்பையில்தான் வர வேண்டும். பவர் பேங்கைப் பெட்டிக்குள் போட்டால் பெட்டியையே நிறுத்திவிடுவார்கள். குளிர் அங்கியை உடுத்திக்கொண்டே விமானம் ஏறுபவர்கள் உண்டு. ஈரோட்டில் அது அலமாரியில் கிடக்கும் என்றால், துவைத்து அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காலிப் பாட்டில்களைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போடுங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் வருகிறது.

குக்கரையும் இட்லித் தட்டையும் அங்கேயே விட்டுவிடுங்கள். ஏப்ரலில் கோடைச் செமஸ்டருக்கு நம் ஊரிலிருந்து யாராவது வருவார்கள். வந்த முதல் வாரத்தில் எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் ரொட்டியைத் தின்றுகொண்டு இருப்பார்கள். குக்கருக்குள் மாற்று வளையம் ஒன்றைப் போட்டு, மூடியில் ஒரு தாளை ஒட்டுங்கள். துவரம் பருப்பு எந்தக் கடையில் கிடைக்கும், மின் அடுப்பில் அரிசிக்கு எத்தனை விசில், தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து சமையலறைக் கதவைச் சாத்தாவிட்டால் நடைபாதையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறி விடுதி முழுவதும் பனியில் இறங்கி நிற்க நேரும் என்பது ஆகிய மூன்றையும் அதில் தமிழிலேயே எழுதிவையுங்கள்.